மூக்கு நீண்டவருக்கு ஒரு பாஸ்போர்ட் போட்டோ

பெரம்பலூரில் நானும் என் வீட்டுக்காரரும் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம். கல்யாணங்களுக்கு அவர் போவார். கடையில் இருந்து பாஸ்போர்ட் போட்டோ எடுப்பது என் வேலை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து துபாய் போகிறவர்கள், ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் சேருகிறவர்கள் எல்லோரும் என் வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். "நேரா பாருங்க, வாயை மூடுங்க, தாடையை எறக்குங்க." அதற்குமேல் யாரிடமும் எனக்குப் பேச்சு வராது.

பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். டவுனில் சனி, ஞாயிறுகளில் நடந்த புகைப்பட வகுப்பில் துணிந்து சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். வகுப்பு முடிவில் ஆசிரியர் படமெடுக்கக் கூட்டிப்போக, அவர்களோடுதான் போர்னியோ மழைக்காட்டுக்குப் போனேன். விமானம் ஏறியதிலிருந்தே எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அட்டை காலில் ஏறியபோதும் சிரித்தேன்.

"அக்காவுக்குக் காட்டுக் காத்து அடிச்சிடுச்சுடி" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள்.

ஒரே ஒரு கவலைதான். ஊர் திரும்பியதும் எங்கள் வகுப்பின் படக் கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம், அடியில் அவரவர் பெயர். கடைசி நாள் காலைவரை என்னிடம் ஒரு படமும் தேறவில்லை. ஏதாவது கண்ணில் பட்டால் பிள்ளைகள் முண்டியடித்து முன்னால் போய்விடுவார்கள். "கொஞ்சம் நகருங்க" என்று கேட்க எனக்குக் கூச்சம். இருவாச்சிப் பறவையை எடுத்த படத்தில் ஒருவனுடைய பிடரி இருந்தது. யானையை எடுத்த படத்தில் ஒருத்தியின் தொப்பி.

கடைசிப் படகுச் சவாரியிலும் பின்னால்தான் உட்கார்ந்தேன். ஆற்றோர மரத்தில் மூக்கு நீண்ட குரங்கு ஒன்று, விருந்து முடித்த சம்பந்தி மாதிரி தொப்பை சரிய உட்கார்ந்திருந்தது. மூக்கு வாயைத் தாண்டித் தொங்கியது. படகோட்டி எஞ்சினை நிறுத்தினார். எல்லோரும் முன்பக்கம் குவிந்தார்கள். நீரோட்டம் படகை மெல்லத் திருப்பிவிட்டது. இப்போது குரங்கு எனக்கு நேராக இருந்தது. குறுக்கே யாரும் இல்லை!

"ச்சே, வானம் வெள்ளையா கெடக்கு. பின்னாடி பச்சையே இல்ல" என்று அலுத்துக்கொண்டான் ஒருவன்.

எனக்கோ அது எங்கள் கடைத் திரை மாதிரியே இருந்தது. கேமராவை நெடுக்காகப் பிடித்தேன். தலை, தோள், உச்சிக்கு மேலே கொஞ்சம் இடம். குரங்கு வேறெங்கோ பார்த்தது.

"சார், இங்க பாருங்க. நேரா பாருங்க. தாடையை எறக்குங்க."

வாய்விட்டே சொல்லிவிட்டேன். குரங்கு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது. எடுத்துவிட்டேன்.

அடுத்த நொடி படகே சிரிப்பில் ஆடியது. "அக்கா, சாருக்கு விசா எந்த நாட்டுக்கு?" என்று ஒருவன் கேட்க, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் விடுதியில் ஆசிரியர் ஒவ்வொருவர் படத்தையும் சுவரில் காட்டினார். என் முறை வந்தது. இரண்டு காதும் தெரிய, கண் நேராகப் பார்க்க, அந்த மூக்கு சுவரை அடைத்துக்கொண்டு தொங்கியது. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"கண்காட்சியில இதை வாசலுக்கு நேரா மாட்டணும். உங்க பேரை எப்படிப் போடணும்? இனிஷியலோட சொல்லுங்க."

சொன்னேன்.

"கேக்கலீங்க."

"இன்னும் சத்தமாக்கா!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

நானும் கத்தினேன். சமையல்கட்டிலிருந்து ஒருவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.