அட்டை வாசிப்பானைக் கடைசியில் கூப்பிடுவம்

மகள் புதிதாக வாங்கிய மடிக்கணினியைத் திறந்தாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் திரை வெளிச்சமாகிவிட்டது. "பாத்தியளே அப்பா, எவ்வளவு கெதியா வருது!" என்றாள். நல்லது என்றேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், எனக்கு ஒன்றும் வரவில்லை. சூடேறிய புதுப் பிளாஸ்டிக்கின் மணம் மட்டும் மூக்கில் ஏறியது. அது போதும், நான் முன்பு வேலை செய்த காங்கேசன்துறை அலுவலகத்து ஏசி அறைக்குள் போய்விட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் கணினி அலுமாரி அளவில் நின்றது. அதைப் பார்க்க வருவதாகச் சொல்லி வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்தான் அதிகம். நானும் மரியதாசும் அதை இயக்கினோம். அவன் குருநகர்க் கடற்றொழில் வீட்டுப் பிள்ளை, மூளைக்காரன். நான் பொத்தான் அமுக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

மின்சாரம் அடிக்கடி போகும். திரும்ப வந்ததும் கணினி தன்னோடு சேர்ந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். வட்டு, அச்சுப்பொறி, துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் அட்டை வாசிப்பான். ஒன்று பதில் சொன்னால்தான் அடுத்தது. அட்டை வாசிப்பானோ திருத்துவதற்குக் கொழும்புக்குப் போனது போனதுதான். இல்லாத ஒன்றுக்காக இயந்திரம் காத்து நிற்கும். நாங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் நிற்கும். ஒருவழியாக வேலை தொடங்கினால் மறுபடி மின்சாரம் போகும்.

இப்படியே போனால் கணினியைக் கொழும்புக்கு எடுத்துவிடுவோம், ஆட்களும் அதோடு வரட்டும் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. மரியதாஸ் ஆடிப்போனான். பாரிசவாதத்தில் விழுந்த தகப்பனை அவன்தான் தூக்கி இருத்திச் சாப்பாடு கொடுத்தான்.

"நான் போனா அப்புவை ஆர் மச்சான் பாக்கிறது?"

வாசிப்பானின் பெயரையே தொடக்க நிரலிலிருந்து எடுத்துவிடலாம் என்றோம். எங்கள் மேலாளர் பதறினார். "சாமான் எங்கடை இருப்புப் புத்தகத்திலை இருக்கு. இல்லையெண்டு எழுதேலாது. கணக்குப் பாக்கிற ஓடிற்காரர் வந்து கேட்டா ஆர் பதில் சொல்லுறது?"

"இல்லையெண்டு எழுத வேண்டாம் ஐயா. கடைசியிலை கூப்பிடுவம்" என்றான் மரியதாஸ்.

அப்படியே செய்தான். முதலில் வட்டும் திரையும் மட்டும் எழும்பும். அச்சுப்பொறியை அச்சடிக்கும்போது எழுப்பினால் போதும். நாங்கள் வேலை செய்துகொண்டிருக்க, வாசிப்பானைப் பேருக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். கணினி சட்டென்று எழும்பத் தொடங்கியது. ஏதோ நானே செய்ததுபோல எனக்கும் பெருமை.

தலைமையகத்துக்கும் பெருமை. கணினி அங்கேயே இருக்கட்டும், இதைச் செய்த கெட்டிக்காரனை மட்டும் கொழும்புக்கு அனுப்புங்கள் என்று உத்தரவு வந்தது. அதை வாசித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். வேறென்ன செய்வது? "கெதியா திரும்ப இஞ்சையே மாத்தம் எடுத்துக்கொண்டு வாறன் மச்சான், அதுவரைக்கும் அப்புவை ஒருக்கா எட்டிப் பார்" என்று சொல்லி ரயில் ஏறினான்.

அந்த வருடம்தான் கொழும்பில் தமிழர்களை அடித்து எரித்த ஆடிக் கலவரம். அவன் தங்கியிருந்த வீட்டை எரித்துவிட்டார்கள் என்று கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் சொன்னார்கள். அவனைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

நான் அழவில்லை. அலுவலகம் போனேன், பொத்தானை அமுக்கினேன். ஞாயிறுகளில் குருநகர் போவேன். பக்கத்து வீட்டுக்காரி தகப்பனுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருப்பாள். அவர் கோணிய வாயால் கேட்பார்:

"கப்பல் இன்னும் வருதோ தம்பி?"

"ஓம் அப்பு, வருது."

கப்பல் நின்று வெகுநாளாகியிருந்தது. பிறகு அவரும் போய்விட்டார். இப்போது அலுவலகம் இல்லை, குருநகரில் அந்த வீடும் இல்லை. மரியதாஸ் வருவானா என்று என்னிடம் கேட்க ஒருவரும் இல்லை.