எட்டுக் கட்டம்

பெங்களூரில் ஒரு ஹோட்டலில் மூன்று வருஷம் ஜாஸ் பியானோ வாசித்தேன். சாப்பிட வந்தவர்களுக்கு நான் வாசித்தாலும் ஒன்றுதான், மின்விசிறி ஓடினாலும் ஒன்றுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் முதலாளி பியானோவை விற்றுவிட்டார். நான் பாலக்கோட்டுக்குத் திரும்பி ஆலை ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அண்ணன் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தார். கல்யாணம், மாதா தேர், சாவு எல்லாவற்றுக்கும் போவார். நான் போட்ட மெட்டுகளை அவருக்காகவே நான்கு பேர் வாசிக்கும்படி எழுத ஆரம்பித்தேன். மாதா கோயிலில் இருந்த சின்னக் கீபோர்டில் நான், கிளாரினெட்டில் அண்ணன், கனத்த சுரங்களுக்கு யூபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழல், ஒரு டிரம். பேண்டுக்காரர்களுக்கு எழுதியதை எழுதியபடி வாசித்துத்தான் பழக்கம். ஆனால் ஒரு மெட்டின் நடுவே எட்டுக் கட்டங்களை, அதாவது எட்டுத் தாளச் சுற்றுகளை, வெறுமையாக விட்டிருந்தேன். அங்கே அண்ணன் தனக்கு அப்போது தோன்றியதை வாசிக்க வேண்டும். ஜாஸில் அதுதான் வழக்கம்.

தாளைப் பார்த்தவர், "எழுதத் தெரியாம எந்தலைல கட்டிட்டியாடா?" என்றார். பிறகு ஞாயிறுதோறும் ஒவ்வொரு விதமாக ஊதினார். ஒருநாள் தக்காளி ஏலம் கூவுகிறவரைப் போலவே ஊதிக் காட்ட, டிரம்காரர் சிரித்துக் குச்சியைக் கீழே போட்டார்.

இண்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது வேன் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அண்ணன் மட்டும் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. நாலாம் நாள் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

முப்பதாம் நாள் பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்கியபின் அந்த மெட்டை வாசித்தோம். எட்டுக் கட்டத்தை நான் நிரப்புவதாகப் பேச்சு. இடம் வந்தபோது கை எழவில்லை. நான் அண்ணனுக்கு மரியாதையாக விட்டிருக்கிறேன் என்று நினைத்து மற்ற இருவரும் வாசிப்பை நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்த சாமியார் எழுந்து "மன்றாடுவோமாக" என்றார். ஜனமும் எழுந்தது. அதற்குள் எண்ணி முடித்த டிரம்காரர் அடிக்க, சாமியார் உட்கார்ந்தார், ஜனமும் உட்கார்ந்தது. வேறு நாளாக இருந்தால் அண்ணனும் நானும் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம். அன்று எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

சாயங்காலம் அண்ணி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, அவரு ஊதுனத மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. யாரையாச்சும் ஊதச் சொல்லிக் கேட்டுக்கறேன்."

அதை எழுதி வைக்கவே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. டேப் ரெக்கார்டரும் எங்களிடம் கிடையாது. ராத்திரியும் பகலும் யோசித்தேன். டிரம்காரர் குச்சியைப் போட்டது நினைவிருந்தது, அண்ணன் ஊதிய சுரம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கடைசியில் அவர் கை இப்படித்தான் போகும் என்று ஊகித்து, எட்டுக் கட்டத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

முதல் வருஷப் பூசைக்குப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு கிளாரினெட்காரர் வந்தார். புள்ளி பிசகாமல் ஊதினார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வெளியே வந்ததும், "அப்படியே அவருதானுங்க தம்பி," என்றார். நான் தலையாட்டினேன்.

இன்றுவரை அண்ணியிடம் உண்மையைச் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய பாரமாகவும் இல்லை. ஆனால் அண்ணன் ஊதியதை நினைக்கப் பார்த்தால், நான் எழுதியதுதான் காதில் கேட்கிறது. அதையும் அவர்தான் ஊதுகிறார்.