உப்பைப் பூட்டி வைத்த வீடு

என் அம்மாவுக்கு நாலு வருஷம் உப்பில்லாமல் சோறு போட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் அவளைப் பற்றி எவ்வளவு நல்லதாகச் சொன்னாலும் என்னை முறைத்துக்கொண்டே கேளுங்கள்.

மரக்காணம் உப்பளத்துக்கு அவள் முதன்முதலாக வேலைக்குப் போனபோது வயசுக்குக்கூட வரவில்லை. கடைசியாகக் கூடையை இறக்கி வைத்தபோது எழுபதைத் தாண்டியிருந்தாள். நடுவில் கல்யாணம், ஐந்து பிரசவம், அதில் இரண்டைக் கொண்டுபோய்ப் புதைத்தது, குடித்தே செத்த என் அப்பாவின் தலைமாட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தது எல்லாம் நடந்தது. ஈர உப்பைச் சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி கொட்டிப்போயிருந்தது. காலில் எந்நேரமும் புண். பாத்தியில் வெயில் பட்டு அடிக்கிற வெளிச்சத்தில் ஒரு கண் பாதி போய்விட்டது.

வாய் மட்டும் அப்படியே இருந்தது. புருஷனை விட்டுவிட்டு இரண்டு பெண் குழந்தைகளோடு நான் வாசலில் வந்து நின்ற அன்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். "சோத்துல உப்பு போட்டுத்தானடி தின்ன? அவன் மொத தடவ கை ஓங்கின அன்னிக்கே வந்திருக்க வேணாம்?" கத்தி முடித்ததும் சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்தேன். என் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பேன் பார்த்து, ஸ்கூலுக்கு அனுப்பி வளர்த்தது அம்மாதான், அவர்களுக்கு ஆயா. அவர்களுக்கு உடம்புக்கு வந்தால் என்னைத் தேட மாட்டார்கள்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் தலை சுற்றி விழுந்தாள். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "உப்பக் கொறச்சுக்குங்கம்மா" என்றார். குறைக்கத்தான் சொன்னார். நான் அடியோடு நிறுத்தினேன். அவள் போய்விடுவாளோ என்ற பயம் இருந்தது, நிஜம். அது மட்டும்தான் என்று சொன்னால் பச்சைப் பொய். பிறந்ததிலிருந்து என்னை ஆட்டி வைத்தவள் இப்போது என் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு அடுப்பு மூட்ட எனக்கு நேரம் ஏது? எல்லாருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல், எதிலும் உப்பில்லை. நானும் பிள்ளைகளும் தட்டில் தனியாகத் தூவிக்கொள்வோம். தூவி முடித்ததும் டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டுவேன். புடவைக்கும் பத்திரத்துக்கும் பக்கத்தில் உப்பு. அம்மா எங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் வருஷம் கெஞ்சினாள். இரண்டாம் வருஷம் கம்பை ஊன்றிக்கொண்டு உப்பளம் வரைக்கும் நடந்து போய், தெரிந்த பெண்களிடம் ஒரு கை கல்லுப்பு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். திருடியைப் பிடித்த மாதிரி வாசலிலேயே நிறுத்தி, பிள்ளைகள் பார்க்க, அந்த முடிச்சை அவிழ்த்துச் சாக்கடையில் உதறினேன். தடுக்க வந்த கையை ஓங்கி அடித்தேன்.

"எவ்ளோ வாரிப் போட்டிருக்கேன்டி நானு. எனக்கு ஒரு சிட்டிகை கெடையாதா?"

"துன்னுட்டுச் செத்துப்போ. அப்புறம் ஊரு என்னைத்தான் சொல்லும்."

"ஆயாவுக்கு இன்னிக்கி ஒரு நாள் போடும்மா" என்று பெரியவள் அழுதாள். அவளுக்கும் ஒன்று வைத்தேன்.

அதோடு அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். தட்டை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து நாலு வாய் தின்பாள், கை கழுவிவிடுவாள். ஆள் பாதியாக இளைத்தாள். ஒருவழியாகப் பழகிக்கொண்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போன மழைக்காலத்தில் சளி பிடித்து மூணே நாளில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரஷர் எல்லாம் சூப்பரா மெயின்டெய்ன் பண்ணியிருக்கீங்களே" என்றார். பக்கத்தில் அம்மா விறைத்துக் கிடக்கிறாள், எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் அழுதேன், தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் படையல் போடுவது எங்கள் வழக்கம். செத்தவர்களுக்குப் பிடித்ததெல்லாம் வைக்கலாம், கவிச்சியும் சேர்த்து. யாரையும் அடுப்பண்டை விடாமல் நானே சமைத்தேன். சங்கரா மீன் குழம்பு, இறால் தொக்கு, முருங்கைக்கீரை, முட்டை. நாலு வருஷம் கொடுக்காததை எல்லாம் இந்த ஒரு இலையில் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். இது எனக்குக் கடைசி வாய்ப்பு, மனசாரத்தான் சமைத்தேன். படையலுக்குச் செய்வதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. நான் கரண்டியை மோந்துகூடப் பார்க்கவில்லை.

இலை போட்டு, கற்பூரம் காட்டி, அவள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் தெருவில் நின்றோம். 'நல்லாத் துன்னும்மா, இன்னிக்கி யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பல நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

கதவைத் திறந்து, சொந்தக்காரர்களை உட்கார வைத்துப் பரிமாறினேன். அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா, குழம்பைப் பிசைந்து முதல் வாய் வைத்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பவுமாடி?"

எனக்குப் புரியவில்லை. சட்டியில் விரலை விட்டு நக்கினேன். தொக்கை நக்கினேன், கீரையை நக்கினேன். நாலு வருஷம் பழகின கை, பழகின மாதிரியே சமைத்து வைத்திருந்தது.

அம்மாவின் இலையில் இனிப் போட முடியாது, அவள் சாப்பிட்டுப் போயாகிவிட்டது. மற்றவர்களுக்கு மட்டும் பெரியவள் உப்பை எடுத்து வந்து நீட்டினாள். அம்மாவின் போட்டோவுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்து, எல்லாரும் தூவிக்கொண்டு சாப்பிட்டார்கள்.