ஈரத்தோடு மாட்டிய கிளட்ச்

எட்னாவுக்கு எஞ்சின் என்றால் உயிர் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். எட்னாவுக்கு எஞ்சின் என்றால் பயம். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலையை முடித்து வந்ததும் வராததுமாகப் பனிவண்டியைத் திறந்து அவள் உள்ளே கையை விடுவது ஆசையால் இல்லை. திறந்து பார்க்காவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது அவளுடைய அப்பா உறைந்த கடலின் பனிமேல் சீல் வேட்டைக்குப் போனார். வழியில் வண்டியின் பெல்ட் அறுந்தது. இருக்கைக்கு அடியில் மாற்று பெல்ட் இருந்தது என்னவோ உண்மைதான். ஆனால் அது எல்லோரும் வைத்திருப்பதைப்போல, தேய்ந்து கழற்றிய பழைய பெல்ட். வீடு வரைக்கும் தாங்கும் என்ற நம்பிக்கையில் வைப்பது. அது கால்வாசி வழிகூடத் தாங்கவில்லை. காற்று அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு ஆட்கள் தேடிப்போனபோது, அவர் வண்டிக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்திருந்தார். விறைத்துப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு எட்னா கடல் பனியை மிதித்ததில்லை. ஊரில் பாதி வண்டிகள் அவள் கைபட்டுத்தான் ஓடின. அவளோ வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கடை, அவ்வளவுதான்.

"உலகத்துலயே பயந்தாங்கொள்ளி மெக்கானிக் எங்க வீட்லதான் இருக்கு" என்று ரோவீனா சிரிப்பாள். ரோவீனா எட்னாவின் ஒரே மகள். தாத்தா இறந்து பல வருடங்கள் கழித்துப் பிறந்தவள். அந்த மண்ணின் பழங்குடிகளான இனுபியாக் மக்களின் வழக்கப்படி, அவருடைய இனுபியாக் பெயரையும் அவளுக்கு வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்த மாதிரி. அதனால் எட்னா தன் மகளை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். மகளும் அம்மாவை "மகளே" என்பாள். அலாஸ்காவின் அந்தக் கடலோர ஊரில் இது யாருக்கும் வேடிக்கையாகத் தெரியாது. எட்னாவுக்கு மட்டும் அதில் ஒரு நடுக்கம் இருந்தது. ஒருமுறை பனியில் பறிகொடுத்தவரை மறுபடியும் பறிகொடுக்கலாமே.

அந்த மார்ச் மாதம் ரோவீனாவின் வண்டியில் கிளட்ச் வழுக்கியது. எஞ்சின் அலறும், வண்டி நகராது. எட்னா கிளட்சைக் கழற்றிச் சமையலறைக்குக் கொண்டு வந்து, அட்டைப் பெட்டியைப் பிரித்துப்போட்டு அதன்மேல் வைத்தாள். வெளியே விரல் விறைக்கும் குளிரில் எல்லோருமே இப்படி வீட்டுக்குள் வைத்துத்தான் செய்வார்கள். ஸ்பிரிங்கை மாற்றினாள். தேய்ந்த உருளைகளை மாற்றினாள். அடுப்பில் கரிபு மான்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"மகளே, முடிஞ்சுதா இல்லியா? ஷீ மீனு அக்கரையில பனித் தொளைக்குக் கீழ வாயத் தொறந்துக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

"பொறு, அப்பா. கெளட்ச் இன்னும் வேர்த்துக்கிட்டு இருக்கு. காயணும்."

"ஆமா, அது காயறதுக்குள்ள பனியே உருகிடும். எல்லாரும் போயாச்சு. நீ மாட்டிக் குடுக்கறியா, நானே மாட்டிக்கட்டுமா?"

தானே மாட்டிக்கொள்வேன் என்றதும் எட்னா எழுந்துவிட்டாள். துணியால் ஒரு துடை துடைத்தாள், வெளியே கொண்டுபோய் மாட்டினாள், போல்ட்டை முறுக்கினாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, இன்னொரு முறை முறுக்குவது அவள் வழக்கம். அதற்குள் ரோவீனா ஏறி உட்கார்ந்து, கையை ஆட்டிவிட்டுப் பறந்துவிட்டாள். கிளட்சை மூடும் தகட்டையும் எடுத்துப் போகவில்லை. பெல்ட் மாற்ற இடைஞ்சல் என்று இளசுகள் யாருமே அதை மாட்டுவதில்லை.

எட்னா உள்ளே வந்தாள். வந்ததும் மூக்குக்கண்ணாடி பனி பூத்துக் கண் தெரியாமல் போனது. கழற்றிச் சட்டையில் துடைத்தாள். போட்டாள். மறுபடி பூத்தது. துடைத்த கை அப்படியே நின்றது.

கண்ணாடிக்கு இந்தக் கதி என்றால் அந்த இரும்புக்கு? கிளட்சின் நடுத்துளைக்குள் அவள் துணி எட்டவே இல்லை. உள்ளே வேர்த்திருந்த நீர் வெளிக்குளிரில் அந்த நொடியே ஐஸாகியிருக்கும். எஞ்சின் தண்டின்மேல் இரும்போடு இரும்பாக இறுகி உட்கார வேண்டிய கிளட்ச், ஐஸ்மேல் உட்கார்ந்திருக்கிறது. போல்ட் இறுகியது போலத்தான் இருந்தது. எஞ்சின் சூடாக ஆக ஐஸ் உருகும், போல்ட் தளரும். அந்த வேகத்தில் கிளட்ச் கழன்றால் துண்டு துண்டாகத் தெறிக்கும். மூடும் தகடு அடுப்பு ஓரத்தில் சாய்ந்திருந்தது. ரோவீனாவின் முழங்கால் அங்கேதான் இருக்கும்.

எட்னா ரேடியோவை எடுத்தாள். ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும், ஒவ்வொரு வேட்டைக்காரன் சட்டைக்குள்ளும் அதே அலைவரிசை. ஒருத்தர் தும்மினால் ஊருக்கே கேட்கும்.

"ரோவீனா. ரோவீனா. வண்டிய நிறுத்து."

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு வில்பர் குரல் வந்தது. வில்பர் அவளுடைய அத்தை மகன். அவளைக் கிண்டல் செய்வதைப் பிறப்புரிமையாக வைத்திருப்பவன்.

"என்ன எட்னா, கொழம்புல உப்புப் போட மறந்துட்டியா? அந்தப் பொண்ணு இப்பத்தான் என்னத் தாண்டி ராக்கெட் மாதிரி போச்சு."

"வில்பர், வெளையாடாத." ஈரம் துடைக்காமல் மாட்டுகிறவனெல்லாம் ஒரு ஆளா என்று இதே ரேடியோவில் வில்பரைத் திட்டியவள் எட்னா. ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்கட்டும். "நான் கெளட்ச ஈரத்தோட மாட்டிட்டேன். என் தப்பு. கழண்டு தெறிக்கப் போகுது. வழியில இருக்கறவங்க யாராவது அவள நிறுத்துங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"திரும்பறேன்" என்றான் வில்பர். கிண்டல் எங்கே போனதென்றே தெரியவில்லை.

காத்திருப்பதுதான் நியாயம். ஆனால் காத்திருந்தவர்கள் அன்று எதைக் கொண்டுவந்தார்கள் என்று அவள் பார்த்திருக்கிறாள். தன் பழைய வண்டியைக் கிளப்பினாள். கரை முடிந்து கடல் பனி தொடங்கும் இடத்தில் அவள் கை தானாக வேகத்தைக் குறைத்தது. வாய்விட்டு அழுதுகொண்டே விசையை அழுத்தினாள். வெள்ளைவெளேரென்று எங்கும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பனிமேடும் சுருண்டு உட்கார்ந்த ஆளாகத் தெரிந்தது.

அப்புறம் நிஜமாகவே ஓர் ஆள் தெரிந்தது. வண்டி நின்றிருந்தது. பக்கத்தில் ஒருவர் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். அசைவில்லை. எட்னா வண்டி நிற்கும் முன்பே குதித்து, விழுந்து, எழுந்து ஓடினாள்.

ரோவீனா நிமிர்ந்து பார்த்தாள். வாய் நிறைய உலர்ந்த மீன்.

"வந்துட்டியா, மகளே? நீயா பனிமேல வந்த? பயந்தாங்கொள்ளிக்கு என்ன ஆச்சு?"

"ஏன் பதில் சொல்லல?" எட்னா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "செத்தே போயிட்டேன் நான்!"

"ரேடியோ பேட்டரி குளுருல பாதி செத்துடுச்சு. கேக்குது, பேச வரல. வில்பரு வேற என்னப் பாக்காம அக்கரப் பக்கம் பறந்துட்டாரு. நீ ஊரே கேக்க அழுதியா, சரி போகட்டும்னு நிறுத்தினேன். இல்லன்னா போயிருப்பேன். வண்டி நல்லாத்தான் ஓடுது. சும்மா பயப்படற."

எட்னா மண்டியிட்டுக் கையுறையைக் கழற்றினாள். போல்ட்டின் தலையில் இரண்டு விரலை வைத்துத் திருப்பினாள். ஸ்பானர் தேவைப்படவில்லை. ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது.

ரோவீனாவின் வாயில் இருந்த மீன் அப்படியே நின்றது. போல்ட்டைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கிளட்சுக்கு நேராக இருந்த தன் முழங்காலைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். பேசக் கற்ற நாளிலிருந்து அவள் அந்த வார்த்தையால் எட்னாவைக் கூப்பிட்டதே இல்லை. "அம்மா, வீட்டுக்குப் போலாம்."

எட்னா அவளைத் தன் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டாள். மகள் இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கியது, கனமான சட்டைகளைத் தாண்டியும் அவள் முதுகுக்குத் தெரிந்தது.