விர்பி கேட்ட ஃபங்ஷன்கள்

இல்போ ஹாவெரினென் என்ன வேலை பார்க்கிறான் என்று அவன் அக்காளுக்கே இன்றுவரை விளங்கவில்லை. ஔலு நகரில் நாலே பேர் இருக்கும் மென்பொருள் நிறுவனம் அது. காட்டில் மரம் அளப்பவர்கள் திரையில் ஒரு சூத்திரத்தைத் தட்டுவார்கள். அதைப் பிரித்துப் படித்து, எதை முதலில் பெருக்குவது, எதைப் பிறகு கூட்டுவது என்று பார்த்து விடை சொல்வது இல்போ எழுதிய நிரல். கூட்டல், கழித்தல், வர்க்கமூலம் எல்லாம் அதற்கு அத்துப்படி. இப்படிப் பெயர் வைத்த ஒவ்வொரு கணக்குக்கும் ஃபங்ஷன் என்று பேர். தெரியாத பெயர் வந்தால் மட்டும், இப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று கையை விரித்துவிடும்.

அப்போது இல்போவுக்குப் போன் வரும். கேட்ட ஃபங்ஷனை அவன் நிரலுக்குள்ளேயே எழுதிச் சேர்த்து அடுத்த பதிப்பில் அனுப்புவான். அதிகம் கேட்டவள் கயானி என்ற ஊரில் மரம் அளக்கும் விர்பி கெம்பைனென். பட்டையைக் கழித்துவிட்டு மரத்தின் கன அளவைச் சொல்ல ஒன்று வேண்டும் என்பாள்; சரிவில் நிற்கும் மரத்தின் உயரத்துக்கு ஒன்று என்பாள். அந்தப் பேச்சு சட்டென்று முடிந்துவிடும். பிறகு ஏரி உறைந்துவிட்டதா, அவள் நாய் எந்த முயலைத் துரத்திப் போய்த் தொலைந்தது, விவாகரத்துக்குப் பிறகு இவன் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறானா என்று நீளும்.

காரியம் இல்லாமல் ஒருவருக்குப் போன் போட அந்த ஊர்க்காரர்களுக்குக் கூச்சம். ஃபங்ஷன்தான் இருவருக்கும் சாக்கு. அவள் குரலுக்காகவே அவன் அலுவலகம் போனான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

முதலாளி ரெய்யோவுக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தால் எப்போது உருப்படுவது, அவரவர் ஃபங்ஷனை அவரவரே சேர்த்துக்கொள்ள வழி செய்துவிடு என்றார். இல்போவுக்கு வேலை என்று வந்துவிட்டால் கண் தெரியாது. பெயரும் சூத்திரமும் கொடுத்தால் போதும், நிரல் ஏற்றுக்கொள்ளும். ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டு முடிவில்லாமல் சுற்றினால், பிடித்து நிறுத்தும். இனி யாரும் எதற்கும் தனக்குப் போன் போடத் தேவையில்லாதபடி இழைத்து இழைத்துச் செய்தான். புதிய பதிப்போடு போன அறிவிப்பிலும் அதையே பெருமையாக எழுதினான்.

போன் நின்றுவிட்டது. எல்லாருடையதும்தான். விர்பியுடையதும்தான்.

அந்தக் குளிர்காலம் அவனுக்கு நகரவே இல்லை. அவள் குரலுக்கு ஏங்கிப்போனான். தான் எழுதியதில் ஏதாவது பிழை இருக்காதா, அதைச் சொல்லவாவது கூப்பிடமாட்டாளா என்று தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுவைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குக் கை வரவில்லை.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், காபி இடைவேளையின்போது அவனே கூப்பிட்டுவிட்டான். பட்டைக் கணக்கு சரியாக வருகிறதா என்று கேட்டான். வருகிறது என்றாள்.

"அந்தக் கணக்கெல்லாம் எனக்கு முன்னாடியே போடத் தெரியும், இல்போ," என்றாள் அவள். "இனிமே யாரும் கூப்பிட வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. என்னோட பேசினது போதும்னு சொல்றீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

இல்போவின் காதில் விழுந்தது தன் வேலையைப் பற்றிய புகார் மட்டும்தான். "நல்லா யோசிச்சுத்தான் அப்படிச் செஞ்சேன்," என்றான்.

"சரி," என்றாள் விர்பி.

தான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மளமளவென்று பேசினான். "ஐயோ, உங்களச் சொல்லல விர்பி. நீங்க பேசாம எனக்கு ஒரு நாளும் ஓடல. தினம் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

காபிக் குவளையோடு நின்றிருந்த ரெய்யோ இதுவரை அவன் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

"இத அந்தம்மாகிட்ட எப்பவோ சொல்லியிருக்கலாமேய்யா," என்றார். "இப்பவாவது சொன்னியே. என்ன சொல்றாங்க?"

இல்போ போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"சரின்னு சொன்னப்பவே வெச்சுட்டாங்க," என்றான்.