கிள்ளான் அடுக்குமாடியில் ஒரு மாலை போட்ட படம்

மூத்த பேரன் பினாங்கில் எஞ்சினியர். அடுத்தவன் பெட்டாலிங் ஜெயாவில் பல் டாக்டர், சொந்தக் கிளினிக். சின்னவன் எஸ்பிஎம் பரீட்சையில் எட்டு ஏ, இந்த இணையப் பக்கத்தை நடத்தித் தருபவனும் அவன்தான். பேத்தி யாழினி பிள்ளைகளின் மனநல ஆலோசகர். வாரம் முழுக்கச் சம்பள வேலை, ஞாயிறு மட்டும் கிள்ளானில் காசு வாங்காமல் பார்க்கிறாள். ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவள் நான். இதைச் சொல்லாமல் எனக்கு எதுவும் எழுத வராது.

போன மாதம் ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிப்போனாள். வயதானவர் உடன் வந்தால் சில வீடுகளில் கதவு சீக்கிரம் திறக்குமாம்.

அவளைப் போல் உதவப் போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். நாங்கள் இருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடை, அங்கே கொமுட்டர் ரயில். கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மூத்தவர்களுக்குப் பாதிக் கட்டணம், அடையாள அட்டை முக்கியம். பெட்டிக்குள் குளிர் நடுக்கும், சால்வை வேண்டும். அங்கே இறங்கி, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு வாடகைக் கார் எடுத்தோம்.

இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அந்த பிளாட்டா ஆன்டி? மேல சன்னல்ல ஒரு பிள்ள நின்னுகிட்டே இருக்கும். கை காட்டினா திருப்பிக் காட்டாது. எனக்கே ஒரு மாதிரி லா.”

இறங்கி நிமிர்ந்தேன். மேலே சன்னலில் ஒரு பிள்ளை நின்றது. கை காட்டினேன். அசையவில்லை.

மற்றப் பிள்ளைகள் கீழே உள்ள கூடத்துக்கு வருவார்கள். இந்த ஏழு வயதுப் பாப்பா வரமாட்டாள் என்பதால் யாழினி வீட்டுக்கே போகிறாள். (தாயின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் கூடாது என்பது பேத்தியின் கட்டளை.) பாப்பாவோடு பிறந்த இரட்டைத் தம்பி காய்ச்சலில் போய்விட்டான். கருமாதிக்குப் பிறகு இவள் பேசுவதில்லை. சோற்றை வைத்துக் கதவைச் சாத்தினால்தான் தட்டு காலியாகும். தம்பிதான் அவள் மேல் வந்திருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. தகப்பன் பயந்துபோய், அடுத்த வாரம் கெடாவில் இருக்கும் தன் அக்காவிடம் அவளை விட்டுவிட முடிவு செய்திருந்தார்.

“ஒரு வார்த்த பேசினாக்கூட அவர் மனசு மாறும் மிஸ்,” என்றாள் தாய்.

வரவேற்பறைச் சுவரில் படம். ஒரே மாதிரிச் சட்டையில் இரண்டு பிள்ளைகள், சந்தன மாலை, மேலே சிவப்புக் குட்டி பல்பு. துக்க வீட்டுக்குப் போகிற பழக்கத்தில் கும்பிட்டேன். சன்னலோரம் நின்ற பாப்பா என்னையே பார்த்தாள். பிறகு கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, படத்தில் இருப்பது போலவே, கண் இமைக்காமல் நின்றாள்.

யாழினி அதைக் கவனித்துவிட்டாள். படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, பாப்பாவைப் பார்க்காமலே கேட்டாள். “இதுல யாருக்கு மாலை போட்டிருக்கு?”

பழகாத கதவு திறப்பது போல ஒரு குரல் வந்தது.

“எங்க ரெண்டு பேருக்கும்.”

தாய்தான் விளக்கினாள். மகன் நன்றாக விழுந்த படம் அது ஒன்றுதானாம். பாதியாக வெட்டினால் இருக்கிற பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, முழுசாக மாட்டிவிட்டார்கள்.

“அது தம்பிக்கு மட்டும்தான்டா,” என்றாள் யாழினி.

“அப்ப தம்பிக்குப் படைச்ச மாதிரியே எனக்கு ஏன் சோறு வச்சிட்டுக் கதவ மூடுறீங்க?”

வாசலில் நின்ற தகப்பன் வந்து படத்தைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

கெடாப் பயணம் நின்றது. லிட்டில் இந்தியா ஸ்டூடியோவில் பாப்பாவைத் தனியாகப் படம் எடுத்து எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஒரே நாளில் தீருகிற விஷயமில்லை, வாராவாரம் போகவேண்டும் என்கிறாள் யாழினி. இப்போது மேசையில் சாப்பிடுகிறாளாம். ஆனால் தினமும் காலையில் நாற்காலி போட்டு ஏறி, தன் படத்தின் மேல் பூ இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறாளாம்.

உதவப் போகிறவர்களே, பொம்மையும் வண்ணப் பென்சிலும் எடுத்துப்போங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவரைப் பாருங்கள்.

அன்று வீடு திரும்பி விளக்கேற்றப் போனேன். சாமியறைச் சுவரில் என் வீட்டுக்காரர் படமாக மாட்டியிருப்பது எங்கள் கல்யாணப் படம். மாலை எங்கள் இரண்டு பேரையும் சுற்றித்தான் கிடக்கிறது. அவர் போன நாளிலிருந்து நானே ஏற்றி நானே கும்பிடுகிறேன்.

சின்னவனே, இந்தப் பக்கத்தின் உச்சியில் நீ போட்டிருப்பதும் அதே படம்தான். எடுத்துவிடு. கிள்ளான் ஸ்டேஷனில் யாழினி என்னைத் தனியாக எடுத்தது ஒன்று இருக்கிறது, சால்வையோடு. அதைப் போடு, இன்றைக்கே.