கண்ணைப் பார்க்காமல் எழுதிய சீட்டு

தொண்ணூறுகளின் நடுவில் இலங்கை மலையகத்தில், தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் டாக்டராக இருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரன், கெட்டிக்காரன் என்ற நினைப்பும் உண்டு. மாணவனாக இருந்தபோது எலி மூளையை மெல்லிசாகச் சீவி, அதன் புறணியில் ஒரு நொதியம் எங்கெங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு வருடம் பார்த்தவன். சாயம் ஏற்றினால், நொதியம் மும்முரமாக இருக்கும் அடுக்கு கடும் பழுப்பாகும். அடுத்த அடுக்கு வெளிறிக் கிடக்கும். நரம்பின் செய்தியை முடித்துவைக்கும் நொதியம் அது. பூச்சிமருந்து முடக்குவதும் அதைத்தான். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு மாசிமாதக் காலை, மரக்கறிப் பாத்திக்கு மருந்தடித்த தொழிலாளி ஒருவரை மனைவி தாங்கிக் கூட்டிவந்தார். வியர்வை, எச்சில், தள்ளாட்டம். கசிப்புச் சாராயம் குடித்திருக்கிறார் என்று முடிவுசெய்தேன்.

"காமன் கூத்துக்குக் காப்புக் கட்டியிருக்காருங்க. குடிக்க மாட்டாரு," என்றார் மனைவி.

"காப்புக் கட்டினா குடிக்கமாட்டினமோ?" என்று சிரித்தேன்.

அந்த விரதம் எவ்வளவு கடுமையானது என்று நான் கேட்டதேயில்லை. பூச்சிமருந்து நஞ்சேறினால் ஆவதுபோல் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கவுமில்லை. 'குடிபோதை' என்று சீட்டு எழுதினேன். அதை வைத்துத் தோட்டத்தை நடத்தும் துரை அவர் பெயரை வேலைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்.

மனைவி அவரை லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே நஞ்சென்று கண்டு ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார்கள். அங்கிருந்து எனக்கு வந்த கடிதத்தைப் படித்தபோது கூசிப்போனேன்.

அவர் திரும்பியதும் அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போய்த் தவறைச் சொன்னேன். பழைய நுணுக்குக்காட்டியையும் அந்த எலி மூளைச் சீவல் ஒன்றையும் கொண்டுபோனேன். ஏனென்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. எலி மூளை என்று சொல்லிக் காட்டினேன்; அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நம்ம தேயிலை மலையாட்டம் வரிவரியா இருக்குங்க. இந்தக் கறுப்பு?"

"அங்கதான் நொதியம் கூடுதலா வேலை செய்யுது. மருந்து பட்டா நிண்டுபோகும்."

மனைவி சொன்னார்: "எலிய இம்புட்டு நுணுக்கமா பாத்திருக்கீங்க டாக்டரய்யா. எங்க வீட்டு மனுசனப் பாக்கலியே."



"விடு புள்ள," என்றார் அவர். "ஐயா, வேலைய மட்டும் திருப்பி வாங்கிக் குடுங்க."

மறுநாள் பெரட்டில், ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும் அந்த இடத்தில், எல்லோருக்கும் முன்னால் துரையிடம் சொன்னேன்: சீட்டு பிழை, பிழை என்னுடையது. துரை முகம் சுளித்தார். பிறகு கங்காணியைப் பார்த்துத் தலையசைத்தார். கங்காணி பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேங்க," என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. யாரோ விசிலடித்தார்கள். மருந்தடிப்பு வேண்டாமென்று நான் எழுதிக்கொடுத்திருந்ததால், கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். அவர் விறுவிறுவென்று நடந்து போனார்.